பாக்கம் பறிபோகிறது

ஓர் ஊரின் பெயரே அவ்வூர் மக்களின் முதல் ஆவணம். அரசு வழங்கும் பட்டாவுக்கும் பதிவகம் இடும் முத்திரைக்கும் நெடுங்காலம் முன்பே எழுதப்பட்ட ஆவணம் அது. கடலோரத் தமிழன் தன் குடியிருப்புகளுக்கு மூன்று பெயர்களை இட்டு வைத்தான். கட்டுமரமும் வலையும் கிடக்கும் சிறு மீனவர் குடியிருப்பு, குப்பம். கடலையும் கழியையும் ஒட்டி அமைந்த ஊர், பாக்கம். கலங்கள் வந்து நின்று வாணிகம் வளர்த்த துறை, பட்டினம். இம்மூன்று பெயர்களையும் ஒருங்கே காண விரும்புவோர் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரைக்குச் செல்லட்டும். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மெய்யூர்க்குப்பம் ஆகிய மூன்றும் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

அம்மூன்று பெயர்களுக்கும் உரியவர்கள் இன்று என்ன ஆகின்றனர் என்பதே நம் கேள்வி. ஊர் வளர்கிறது என்கின்றனர். மறுப்பார் யார்? சாலை அகன்றிருக்கிறது, கட்டடங்கள் உயர்ந்திருக்கின்றன, நிலத்தின் விலை ஏறியிருக்கிறது. ஆயினும் ஊர் வளர வளர ஊரார் மட்டும் ஏன் தேய்கின்றனர்? ஒரு மதிலுக்கு உள்ளே தெருவிளக்கும் சோலையும் துப்புரவும் இருக்க, அதே மதிலுக்கு வெளியே சாக்கடையும் குப்பைமேடும் ஏன் இருக்கின்றன? இவை தனித்தனியே நேர்ந்தவை அல்ல. ஒரே துலாவின் இரு முனைகள் இவை. ஒன்று ஏறுவதனால்தான் மற்றொன்று இறங்குகிறது.

இந்நிகழ்வுக்கு மேலைநாட்டார் ஒரு பெயர் கண்டனர். பெர்லினில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த உரூத்து கிளாசு என்னும் குமுகாயவியல் அறிஞர், இலண்டனின் உழைப்பாளர் வாழ்ந்த பகுதிகளில் செல்வர்கள் குடியேறியதையும், வீட்டின் மதிப்பும் குடிக்கூலியும் உயர்ந்து பழைய குடிகள் வெளியேறியதையும் ஆராய்ந்து, 1964-இல் அதற்கொரு சொல்லைப் படைத்தார். நாம் அதனை 'மேட்டுக்குடியேற்றம்' எனலாம். அதன் மறுபுறமாக, முதலீடும் பேணுதலும் இன்றிக் கைவிடப்பட்ட பகுதி சீரழிவதை 'ஊர்ப்பாழ்' எனலாம். சொல் புதிது, பட்டறிவு நமக்குப் பழையது.

சதுரங்கப்பட்டினத்தையே பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அங்கு வாணிகம் தொடங்கினர். பின்னர்ச் செங்கற்கோட்டை எழுப்பினர். இவ்வட்டாரத்து நெசவாளர் நெய்த மெல்லிய துணி அவர்தம் கலங்களில் ஏறிக் கடல் கடந்தது. ஊரின் பெயரையும் அவர்கள் தம் நாவுக்கு ஏற்பச் 'சதுராசு' என்று முறித்துக்கொண்டனர். 1782-இல் இக்கடற்பரப்பிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். முடிவில் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்று இடிந்த கோட்டையும் ஒல்லாந்தரின் கல்லறைகளும் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. வாங்கி விற்றவர்களின் பெயர்கள் கல்லறைக் கற்களில் அழகுற வெட்டப்பட்டிருக்கின்றன. நெய்தவரின் பெயரை யார் அறிவார்? ஊர் செழித்த காலத்தில் அச்செழிப்பு கலமேறிப் போயிற்று. கலம் வராது நின்ற காலத்தில் பாழ் மட்டும் ஊரில் தங்கிற்று. இப்பாடத்தை நாம் கற்றிருப்போமாயின் அடுத்து வந்ததை விழிப்புடன் எதிர்கொண்டிருப்போம்.

அடுத்து வந்தது அணு. இந்நூற்றாண்டுக்கு முப்பது ஆண்டுகள் முன்னர், 1970-களின் தொடக்கத்தில், கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டுமானம் தொடங்கிற்று. 1971-இல் உலை ஆய்வு மையம் நிறுவப்பட்டது. முதல் மின் உலை 1983-இலும் இரண்டாவது 1985-இலும் இயங்கத் தொடங்கின. 500 மெகாவாட்டு ஆற்றலுக்கென வடிவமைக்கப்பட்ட வேக ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கி, 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதன் உலை உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கப்பெற்றது. இவற்றில் தமிழ் அறிவியலாரின் அறிவும் தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் கலந்துள்ளன. அதனை யாரும் சிறுமைப்படுத்த வேண்டா. ஆனால் நிலம் தந்த ஊருக்குக் கிடைத்தது என்ன? மின் நிலையத்திற்குச் 'சென்னை அணுமின் நிலையம்' என்று பெயர். ஆய்வு மையத்திற்கு 1985-இல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. நிலமோ கல்பாக்கத்தினுடையது, இவ்விரு தலைமை நிறுவனங்களின் பெயரிலும் கல்பாக்கம் இல்லை.

நிறுவனத்தோடு நகரியம் வந்தது. கடலோரத்தில் ஒன்றும், உள்நாட்டில் அணுபுரம் என்னும் பெயரில் மற்றொன்றுமாக இரண்டு நகரியங்கள் எழுந்தன. வகுத்துப் போட்ட தெருக்கள், மருத்துவமனை, பள்ளிகள், திடல்கள், தடையற்ற குடிநீர், காவல் கூடம் ஆகிய அனைத்தும் அவற்றுள் அமைந்தன. மக்கள் வாழ வேண்டிய முறை அதுவே. அவ்வாழ்வைக் கண்டு நாம் பொறாமை கொள்ளவில்லை. அவ்வாழ்வு வேலிக்குள் நின்றுவிட்டதே என்பதுதான் நம் வருத்தம்.

பண்டைப் புகார் நகரும் இரண்டாகவே பிரிந்திருந்தது என்று சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். பரதவரும் கம்மியரும் பிறநாட்டு வணிகரும் கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தனர். அரசனும் பெருஞ்செல்வரும் பட்டினப்பாக்கத்தில் வாழ்ந்தனர். உயர்வு தாழ்வு அங்கும் இருந்தது, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவ்விரு பாக்கங்களுக்கும் இடையே இருந்தது நாளங்காடி. வாங்குவோரும் விற்போரும் நாள்தோறும் முகம் பார்க்கும் பொதுவிடம் அது. நாம் இடையே நிறுத்தியிருப்பது மதில். அங்காடி இரண்டு ஊர்களை ஒன்றாக்கும். மதில் ஓர் ஊரை இரண்டாக்கும்.

மதிலுக்கு வெளியே ஊர்ப்பாழ் எவ்வாறு உண்டாகிறது என்று ஆராய்வோம். ஊரார் சோம்பேறிகள், துப்புரவு அறியாதவர்கள் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அது பழி, விளக்கம் ஆகாது. உண்மையான கரணியங்கள் மூன்று.

முதற் கரணியம் வரி. இந்திய அரசியலமைப்பின் 285-ஆம் பிரிவு, நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றினாலன்றி, நடுவணரசின் உடைமைகளுக்கு மாநிலமோ அதன் உள்ளாட்சிகளோ வரி விதிக்க இயலாதெனத் தடுக்கிறது. ஒரு வட்டாரத்தின் மிகப் பெரிய, மிக மதிப்புள்ள கட்டடங்கள் நடுவணரசுக்கு உரியவையாக இருக்கையில், ஊராட்சிக்கு எஞ்சுவது ஓலைக்குடிசையும் ஓட்டுவீடும் சிறு கடையும் தரும் வரியே. ஊராட்சியின் பெட்டி மெலிந்தால் சாக்கடை எவ்வாறு ஓடும்? குப்பை எவ்வாறு அகலும்?

இரண்டாவது கரணியம் வட்டம். அணுமின் நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் எவரும் குடியிருத்தல் கூடாது. ஐந்து கிலோமீட்டர் வரை மக்கள் இயல்பாகப் பெருகலாம். மக்கள்தொகையைப் பெருக்கக்கூடிய புதிய திட்டங்களுக்கு இடமில்லை. பதினாறு கிலோமீட்டர் வரை நெருக்கடிக்காலத் திட்டப்பரப்பு. பாதுகாப்பின் பொருட்டு இவ்வரையறை தேவையெனின் இருக்கட்டும். ஆனால் அதன் இழப்பை யார் தாங்குவது? வரையறைக்குள் சிக்கிய நிலத்தில் முறையான வளர்ச்சிக்கு வழி குறுகும்போது, முறையற்ற கட்டடமும் பேணாத் தெருவும் பெருகுவது இயற்கை. நாட்டுக்கெல்லாம் மின்சாரம், அதற்கான வேலியோ சில ஊர்களுக்கு மட்டும். இவ்வேலியின் விலை அவ்வூர்களுக்குக் கிடைக்க வேண்டுமா, வேண்டாவா?

மூன்றாவது கரணியம் குடிக்கூலி. நகரியத்தில் வீடு கிடைக்காத பணியாளரும், கட்டுமானத்திற்கென வந்த ஒப்பந்தத் தொழிலாளரும் சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் வீடு தேடுகின்றனர். இருக்கும் வீடுகளோ சில. மாதந்தோறும் ஊதியத்தோடு வீட்டுப்படியும் பெறும் கைக்கும் நாட்கூலி பெறும் கைக்கும் இடையே ஏலம் நடந்தால் வெல்வது எது? ஊரிலேயே பிறந்த இளைஞன் மணம் முடித்துத் தனிக்குடித்தனம் போக விரும்பினால் ஊருக்குள் அவனால் இயலாது. ஒரே கூரையின்கீழ் மூன்று குடும்பங்கள் நெருங்கும். அல்லது அவன் ஊரை விட்டு விலகிப்போவான். வடநாட்டிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துறங்கும் கட்டடத் தொழிலாளியும் இச்சந்தையில் இழப்பவனே, வெல்பவன் அல்லன். அவன்மீது நமக்குப் பகையில்லை. அவனை அங்ஙனம் அடைத்துவைத்துப் பொருள் ஈட்டுவோர்மீதே நம் கேள்வி.

இதற்குச் சட்டத்தில் காப்பு உண்டா என்றால், இருந்த காப்பும் போயிற்று. 1960-ஆம் ஆண்டின் குடிக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், அச்சட்டம் செல்லும் ஊர்களில் வாழ்வோர் முறையான குடிக்கூலியை வரையறுத்துத் தருமாறு கேட்கலாம். 2017-இல் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனை நீக்கி, குடிக்கூலியை இருவரின் உடன்பாட்டுக்கு விட்டுவிட்டது. வலியவனும் எளியவனும் செய்துகொள்ளும் உடன்பாடு எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வாறு வீடு பறிபோகுமிடத்தில் மொழியும் பறிபோகிறது. நகரியத்துப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. கேந்திரிய வித்தியாலயங்களில் தமிழ் கட்டாயப் பாடமன்று. தமிழ்நாட்டில், தமிழ்க் கடற்கரையில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை தமிழ் எழுதத் தெரியாமலே பள்ளிப் படிப்பை முடிக்கலாம். மதிலுக்கு வெளியே உள்ள ஊராட்சிப் பள்ளியில் தமிழ் இருக்கிறது, ஏந்துகள் இல்லை. ஆகவே வெளியிலிருப்பவனும், மதிலுக்கு உள்ளே இருப்பதே உயர்வென்றும் தமிழ் ஏழ்மையின் அடையாளமென்றும் எண்ணத் தலைப்படுகிறான். மொழியை இழிவுபடுத்த எவரும் ஆணையிட வேண்டியதில்லை. அம்மொழி பேசும் தெருவைப் பாழாக விட்டாலே போதும்.

இதே கடற்கரையில் வடக்கு நோக்கிச் செல்வோம். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நகரியமென்றும் குப்பமென்றும் வேறுபாடு பார்க்கவில்லை. கல்பாக்கம் நகரியத்திலும் உயிர்கள் மாண்டன. சுற்றியிருந்த குப்பங்களிலும் மாண்டன. கடல் காட்டாத வேறுபாட்டை அதன்பின் வந்த திட்டங்கள் காட்டின. 2005-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியான அரசாணையின்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழும் மீனவர் உள்நாட்டில் புது வீடு பெறலாம். அவ்வாறு பெறுவோர் கரையிலுள்ள தம் பழைய இடத்தைக் கைவிட வேண்டும். உயிர்காக்கும் எண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் மீனவனுக்குக் கரை என்பது காற்று வாங்கும் இடமன்று. படகு ஏற்றுமிடம், வலை பிரிக்குமிடம், கருவாடு காயுமிடம், கடலின் நிறம் பார்த்து வலை வீசும் நேரம் அறியுமிடம் எல்லாம் அதுவே. அலைக்கு அஞ்சி அவன் பின்வாங்க வேண்டுமாம். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் இன்ப விடுதிகளும் கடல்பார்த்த மாளிகைகளும் வரிசையாக நிற்கின்றன. அலை மீனவனை மட்டுமா அடிக்கும்?

இச்சாலையின் பெரும்புகழ் மாமல்லபுரம். பல்லவர் காலக் கற்கோயில்களும் பாறைச் சிற்பங்களும் 1984-இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பெருமைதான். 2010-இல் திருத்தப்பெற்ற தொல்சின்னச் சட்டத்தின்படி, காக்கப்படும் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒப்புதல் பெற்றே கட்டவேண்டும். ஊர் முழுவதும் சின்னங்கள் சிதறிக்கிடக்கும் மாமல்லையில் இதன் பொருள் என்ன? பழங்குடிமகன் தன் வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பவும் தயங்கி நிற்பான். வரையறைக்கு வெளியே பெருமுதல் கொண்டோர் விடுதி எழுப்புவர். 2019-ஆம் ஆண்டு அத்தோபரில் இந்தியத் தலைமையமைச்சரும் சீனக் குடியரசுத் தலைவரும் அங்கு கூடினர். அவர்கள் வருமுன் தெருக்கள் துலங்கின. சிறு கடைகள் அகன்றன. 2022-இல் உலகச் சதுரங்கப் போட்டி நடந்தபோதும் ஊர் பளபளத்தது. விருந்தினருக்காக ஊரைத் துடைப்பது தவறன்று. துடைக்கும்போது ஊராரையும் சேர்த்துத் துடைத்துவிடுவதே தவறு. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதாவது, சிற்பத்தை அவ்வூரிலிருந்து பிரிக்கவியலாது என்று சட்டமே ஒப்புகிறது. சிற்பியை மட்டும் பிரிக்கலாமோ? உளியோசை எழும் பட்டறைக்கு உரிய இடத்தை விடுதிக்கு ஈடான விலையில் அவன் வாங்கவியலுமா?

மாமல்லையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியே சென்னை நோக்கிச் சென்றால், பாக்கங்களின் துயரம் முழுமையாக விளங்கும். சென்னை என்பதே பாக்கங்களின் தொகுப்பு. நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், கீழ்ப்பாக்கம், விருகம்பாக்கம், மீனம்பாக்கம் எனப் பெயர்கள் நீளும். அவற்றின் ஓரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் குடிசையிட்டு வாழ்ந்த உழைப்பாளர்தாம் அந்நகரைக் கட்டியவர்கள், கழுவியவர்கள், சுமந்தவர்கள். அவர்களுக்கென 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றிற்று; 1971-இல் சட்டமும் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் பல இடங்களில், மக்கள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டித் தந்தது. அது செம்மையான வழி. பின்னர் வழி மாறிற்று. 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், அடுத்துச் செம்மஞ்சேரி, அடுத்துப் பெரும்பாக்கம் என நகருக்கு வெளியே அடுக்குவீடுகள் எழுந்தன. கண்ணகி நகரில் 15,000-க்கு மேல், செம்மஞ்சேரியில் 6,000-க்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேல். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் கூவத்தின் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களும் அங்குக் கொண்டுசெல்லப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பதாகக் கூறி அழைத்துச் சென்ற இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம். அங்கும் வெள்ளம் வருகிறது.

நுங்கம்பாக்கத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு! பெயரில் ஒரு பாக்கம் போய் மற்றொரு பாக்கம் வந்தது. வாழ்வில் வேலை போயிற்று, பிள்ளையின் பள்ளி போயிற்று, கடன் தந்து காக்கும் அண்டை வீட்டார் போயினர். நகருக்குள் நான்கு வீடுகளில் வேலை செய்து குடும்பம் தாங்கிய பெண், இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் சென்று திரும்பும் பொழுதையும் செலவையும் எண்ணி வேலையையே விட்டாள். அவள் விட்டுவந்த ஆற்றங்கரை இப்போது எழில் பெறுகிறது. அவள் வந்து சேர்ந்த அடுக்குவீட்டுத் தொகுதியோ, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களை ஒரே இடத்தில் குவித்ததனாலேயே இழிபெயர் பெற்றது; கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தர மறுக்கின்றனர் என்பது அங்கு வாழ்வோரின் குமுறல். கற்பின் தெய்வமாக நாம் போற்றும் தமிழ்ப் பெண்ணின் பெயர், முகவரியாகச் சொல்லக் கூசும் பெயராயிற்று. 2021-இல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என மாறிற்று. பெயர் மாறியது நன்று. பாதையும் மாற வேண்டும்.

மெரீனாக் கடற்கரையின் வரலாறும் இதுவே. 1985-இல், கரையை அழகுபடுத்தும் பெயரால் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது, எழுந்த எதிர்ப்பின்போது காவல்துறை சுட்டது, மீனவர் உயிரிழந்தனர். 2023-ஆம் ஆண்டு ஏப்பிரலில் நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறெனக் கூறி அகற்றப்பட்டன. மீனவப் பெண்கள் சாலையில் அமர்ந்து போராடினர். அடுத்த ஆண்டு அங்கோர் அங்காடிக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடம் வந்தது போராட்டத்தின் பயன் என்றே கொள்வோம். ஆயினும் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அக்கரையில் குப்பம் முந்தியதா, சாலை முந்தியதா? பிந்தி வந்த சாலைக்கு முந்தி இருந்த குப்பம் இடையூறாம்!

இவ்வனைத்துக்கும் தில்லியையே பழித்துவிட்டு நாம் கை கழுவ இயலாது. நகரியத்து மதில் நடுவணரசினுடையதாக இருக்கலாம். கடற்கரை மனையை அயலாருக்கு விற்றவன் தமிழன். குடிசையை இடிக்கும் ஆணையில் கையொப்பமிட்டவன் தமிழன். 'வில்லா', 'அவென்யூ', 'என்கிளேவ்' என்று தன் அடுக்குவீட்டுக்குப் பெயரிட்டு, அதன் வாயிலில் குப்பத்து மீன்காரியை நிறுத்தி விரட்டுபவனும் தமிழன். அவர்களுள் சிலர் மேடையேறித் தமிழ் வாழ்க என்று முழங்குபவராகவும் இருக்கலாம்.

ஆகவே, தமிழ்ப்பற்றாளராகிய நம்மையே நோக்கிச் சில சொற்கள். கடைகளின் பெயர்ப்பலகை தமிழில் வேண்டுமென்று நாம் போராடினோம், இன்னும் போராடுகிறோம், அப்போராட்டம் முறையானது. ஆனால் பலகையைப் படிக்க வேண்டிய தமிழன் அத்தெருவிலேயே இல்லையெனின், அத்தமிழ்ப் பலகை யாருக்கு? வாழ்ந்தவர் அனைவரும் வெளியேறிய ஊரில் எஞ்சும் தமிழ்ப் பெயர் நடுகல்லன்றி வேறென்ன? மொழி அகராதியில் வாழ்வதில்லை, தெருவில் வாழ்கிறது. கொண்டலையும் கச்சானையும் வாடையையும் சோழகத்தையும் மேனியில் உணர்ந்து பெயர் சொல்லிப் பிரித்தறியும் மீனவன் கரையிலிருந்து ஏழாம் மாடிக்கு ஏற்றப்பட்டால், அவன் பேரனுக்கு அவை வெறும் காற்று. கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டு உலகெங்கும் பரப்பினான். அச்சொல்லை ஆக்கிய குப்பத்தை நாம் காப்பாற்றவில்லையெனின் நம் தமிழ்ப்பற்று எத்தகையது? ஒரு குப்பம் கலைந்தால் எந்தக் கலைக்கழகமும் மீட்டுத் தரவியலாத சொற்கள் நூற்றுக்கணக்கில் மாள்கின்றன. எனவே மனைப் போராட்டமும் மொழிப் போராட்டமே.

'அப்படியானால் வளர்ச்சியே வேண்டாவா? குடிசையும் சாக்கடையும் நிலைக்க வேண்டுமா?' என்று சிலர் வினவுவர். நாம் கேட்பது அதற்கு நேர்மாறானது. மின்சாரம் வேண்டும், அகன்ற சாலை வேண்டும், நல்ல வீடு வேண்டும், சாக்கடை மூடப்பட வேண்டும். அவை வந்த பிறகும் அவ்விடத்தில் பழைய குடிகளே வாழ வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பொதுப்பணத்தால் சாலை போட்டதும் நிலவிலை ஏறுகிறது. அந்த ஏற்றம் எவனுடைய உழைப்பாலும் வந்ததன்று. குமுகாயத்தின் பணத்தால் வந்தது. அதில் ஒரு பங்கு முதலில் அங்கு வாழ்ந்தவனுக்கு உரியது. இதனைக் கேட்பது வளர்ச்சிக்குப் பகை ஆகுமா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, ஒவ்வொரு குப்பத்தின் வீடுகளோடு படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம், கருவாட்டுக்களம் அனைத்தும் கடலோர வரைபடத்தில் குறிக்கப்பட்டு, தனியாருக்கு விற்கவியலாத ஊர்ப்பொதுவாகப் பதியப்பட வேண்டும். இரண்டாவது, நடுவணரசின் உடைமைக்கு வரி இல்லையெனினும், ஊராட்சி செய்யும் பணிகளுக்குக் கட்டணம் பெற வழியுண்டு. கல்பாக்கத்தைச் சூழ்ந்த ஊராட்சிகள் அதனை முழுமையாகக் கேட்டுப் பெறவும், பாதுகாப்பு வட்டத்தால் இழந்த வளர்ச்சிக்கு ஈடு பெறவும் மாநில அரசு முன்னின்று துணை செய்ய வேண்டும். மூன்றாவது, நகரியத்து மருத்துவமனையும் பள்ளியும் திடலும் சுற்றூர் மக்களுக்கும் உரிமையுடன் திறக்கப்பட வேண்டும். அப்பள்ளிகளில் தமிழ் கட்டாயமாக வேண்டும். நான்காவது, குடிசைவாழ் மக்களுக்கு வீடு கட்டுவதெனின் இருந்த இடத்திலேயே கட்டுக. இயலாவிடில் நடந்து வேலைக்குச் செல்லும் தொலைவுக்குள் கட்டுக. ஐந்தாவது, குறைந்த வருவாயினர்க்கேனும் முறையான குடிக்கூலியை வரையறுக்கும் சட்டக்காப்பு மீள வேண்டும்.

இவற்றை அரசு தானாக வழங்கும் என்று காத்திருப்பது, கரையில் அமர்ந்து மீன் தானே வலைக்குள் வரும் என்று காத்திருப்பதை ஒக்கும். ஒவ்வோர் ஊரிலும் உள்ள தமிழ்மன்றங்கள் இதனைத் தம் பணியாக மேற்கொள்ள வேண்டும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் மன்றத்தார் ஆண்டுக்கொரு முறையேனும் அருகிலுள்ள குப்பத்திற்கும் சேரிக்கும் செல்க. எந்தக் குடும்பம் எவ்வளவு காலமாக வாழ்கிறது, எந்த நிலத்தை ஊர் பொதுவில் ஆள்கிறது என்பதை அவ்வூர் மூத்தோர் வாயிலாகக் கேட்டு எழுதி வையுங்கள். சாலைத் திட்டமோ விடுதித் திட்டமோ வரும்போது நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் அவ்வேடுகளோடு போய் நில்லுங்கள். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். எழுதப்படாத உரிமையை எளிதாகப் பறிக்கலாம். எழுதி வைத்த உரிமையைப் பறிக்க வருபவன் ஒருமுறையேனும் தயங்குவான்.

பாக்கம் என்பதும் பட்டினம் என்பதும் குப்பம் என்பதும் நம் முன்னோர் நமக்கு எழுதிவைத்த ஆவணங்கள். அவற்றைப் பெயர்ப்பலகையில் மட்டும் வைத்துக்கொண்டு, பெயருக்குரிய மக்களை இழந்துவிடுவோமாயின், பெட்டியைக் காத்துப் பொருளைக் களவு கொடுத்தவர்கள் ஆவோம். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மெய்யூர்க்குப்பத்தில் படகுகள் இன்றும் கடலுக்குப் போகின்றன. நாளையும் அவை அக்கரைக்கே திரும்பி வரவேண்டும். அதற்கான வேலையை இன்றே தொடங்குவோம்.